இணைப்பு வந்தது, ஆள் வருவது நின்றது: மழலையர் கல்வி வளங்களை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மழலையர் கல்விக்கான பயிற்சிகளையும் வளங்களையும் வகுப்பவர்களுக்கும், அவற்றுக்குப் பணம் ஒதுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கடைசிக் குழந்தையின் அம்மா வருவதற்காக வாசலில் காத்திருந்தபோது உங்கள் சுற்றறிக்கை என் கைபேசிக்கு வந்தது. ஒன்றரைப் பக்கம். ஆண்டுக்கு 6 நாள் நடந்துவந்த நேரடிப் பயிற்சி இனி கிடையாது. மாதம் ஒருமுறை வகுப்பறைக்கு வந்து எங்களோடு உட்கார்ந்துவிட்டுப் போகும் வழிகாட்டி ஆசிரியையும் இனி வரமாட்டார். இரண்டுக்கும் பதிலாக ஓர் இணைய வளத் தொகுப்பு: 40 பாடங்கள், வீடியோக்கள், அச்சிட்டுக்கொள்ளப் படிவங்கள், பெற்றோருக்குத் துண்டறிக்கைகள், உதவி தேவைப்படும் குடும்பங்களுக்காகத் தொலைபேசி எண்களின் பட்டியல். ‘உங்களுக்கு வசதியான நேரத்தில் கற்றுக்கொள்ளலாம்’ என்று அறிக்கை முடிந்திருந்தது.

எங்களுக்கு வசதியான நேரம் எது என்று யாராவது முன்கூட்டியே கேட்டிருந்தால் இந்த மடலுக்கு வேலையே இருந்திருக்காது.

19 ஆண்டுகளாக மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளோடு இருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் தினக்கூலியில் ஓடும் வீடுகளிலிருந்து வருபவர்கள். எத்தனையோ சுற்றறிக்கைகள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றைப் படித்துவிட்டு, கோப்பில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருக்கிறேன். இதை அப்படி வைக்க முடியவில்லை. ஏனென்று சொல்ல வேண்டுமானால் ஒரு தண்ணீர்க் குழாயில் தொடங்க வேண்டும்.

சென்ற ஆண்டு என் வகுப்பில் ஒரு மூன்று வயதுப் பையன் மற்ற பிள்ளைகளைக் கடித்துக்கொண்டிருந்தான். அந்த வயதில் கடிப்பது அதிசயம் இல்லை. பேச்சு முழுதாக வராதபோது பல்தான் பேசும். ஆனால் இவன் கடிக்காத நாளே இல்லை. ஒரு சிறுமியின் முன்கையில் பற்தடம் நான்கு நாள் நீலமாக நின்றது. அவள் அப்பா வாசலில் வந்து, குரலை உயர்த்தாமலேயே, “இன்னொரு தடவ நடந்தா பிள்ளைய அனுப்ப மாட்டேன் டீச்சர்” என்றார். பையனை என் பக்கத்திலேயே உட்கார வைத்துப் பார்த்தேன். கதை சொல்லிப் பார்த்தேன். ஒருநாள் கத்தியும் விட்டேன், மறைப்பதற்கில்லை. எதுவும் நடக்கவில்லை.

வழிகாட்டி ஆசிரியைக்குப் போன் செய்தேன். அந்த மாத வருகையோடு இன்னும் இரண்டு நாள் சேர்த்துக்கொண்டு வந்தார். வந்தவர் எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகளின் குட்டி நாற்காலி ஒன்றை மூலையில் போட்டு, முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்துகொண்டு மூன்று நாள் காலையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். எத்தனை மணிக்கு, எங்கே நின்றான், முன்னால் யார், பின்னால் யார். மூன்றாம் நாள் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் நோட்டை என் பக்கம் திருப்பினார். 11 தடவை கடித்திருக்கிறான், அல்லது கடிக்கப் போயிருக்கிறான். அதில் 9 தடவை, கை கழுவ வரிசையில் நிற்கும்போது. இரண்டே குழாய், 22 பிள்ளைகள், ஒரே வரிசை. பின்னாலிருந்து உடம்பு உரசினால் அவனுக்குத் தாங்காது. அவ்வளவுதான் விஷயம்.

மறுநாள் முதல் வரிசையை நான்காக உடைத்தோம். அவனுக்குத் துண்டு எடுத்துக் கொடுக்கும் வேலை. சுவரோரம் நிற்பான், அவன் பின்னால் யாரும் வர முடியாது. மூன்றாவது வாரத்தில் கடிப்பது ஏறக்குறைய நின்றுபோயிற்று. துண்டு கொடுக்கும் வேலையை மட்டும் ஆண்டுக் கடைசிவரை அவன் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது உங்கள் 17-ஆம் பாடத்துக்கு வருகிறேன். ‘சவாலான நடத்தைகளைக் கையாளுதல்’. 12 நிமிட வீடியோ. குழந்தையின் உணர்ச்சிக்குப் பெயர் சொல்லுங்கள், அமைதியான குரலில் பேசுங்கள், மாற்று வழியைக் காட்டுங்கள் என்கிறது. ஒன்றும் தவறில்லை. ஆனால் அந்த வீடியோவுக்கு என் குழாயைத் தெரியாது. அன்றைக்கு அந்த 12 நிமிடத்தை 12 முறை பார்த்திருந்தாலும், அவன் உணர்ச்சிக்குப் பெயர் சொல்லிக்கொண்டே அவனை அதே வரிசையில் நிறுத்தியிருப்பேன்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980-களிலேயே எழுதி வைத்ததுதான். கேட்பதாலும் செய்து காட்டுவதைப் பார்ப்பதாலும் அறிவு சேர்கிறது. கற்றதை வகுப்பறைக்குள் கொண்டுபோய் நிலைநிறுத்த, அங்கேயே உடன் நின்று வழிகாட்டும் ஒருவர் தேவைப்படுகிறார். பயிற்சி வகுப்பவர்களுக்கு இது பாலபாடம். பாலபாடத்தில் முதல் பாதியை வைத்துக்கொண்டு மறுபாதியைக் கிழித்துப் போட்டால் எப்படி?

‘வசதியான நேரம்’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். காலை 7.30-க்குக் கதவு திறக்கிறேன். மாலை 5 மணிக்கு மூடுகிறேன், மூடுவதாக ஏட்டில் இருக்கிறது. மதியம் பிள்ளைகள் தூங்கும் ஒரு மணி நேரத்தை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ஓய்வு என்று நினைக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் வருகைப் பதிவேடு, எடை உயரப் பதிவு, நனைந்த பாயை மாற்றுவது, விழித்துக்கொண்டு அம்மாவைத் தேடுகிறவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது எல்லாம். ஆகவே உங்கள் பாடங்கள் இரவு 10 மணிக்குமேல்தான். வீடியோ, வாசிப்பு, வினா எல்லாம் சேர்த்து ஒரு பாடத்துக்கு முக்கால் மணி என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். 40 பாடம் என்றால் 30 மணி நேரம். அந்த 30 மணி நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்பதைப் பற்றி ஒன்றரைப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

நடப்பது என்ன தெரியுமா? என்னோடு வேலை செய்யும் ஒருவர் கைபேசியில் பாடத்தை ஓடவிட்டு, சத்தத்தைக் குறைத்து, கவிழ்த்து வைத்துவிட்டுத் தன் பிள்ளைகளைத் தூங்க வைக்கப் போய்விடுவார். நடுவில் வந்து ‘அடுத்து’ என்பதை அழுத்துவார். வினாக்களும் அதற்குத் தோதாகவே இருக்கின்றன. ‘ஒரு குழந்தை அழும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? அ) திட்டுவேன். ஆ) கண்டுகொள்ள மாட்டேன். இ) அன்போடு அணுகிக் காரணத்தை அறிவேன்.’ இதில் யார் தோற்பார்கள்? ஒன்பதே இரவில் அவர் 40 சான்றிதழ்களையும் வாங்கிவிட்டார். மூன்றில் அவர் பெயர் தப்பாக அச்சாகியிருக்கிறது. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. காலையில் அவர் உள்ளே நுழைந்தால் பிள்ளைகள் காலைக் கட்டிக்கொண்டு நகர விடமாட்டார்கள். அவ்வளவு நல்ல ஆசிரியை. அவரைப் பொய்க் கணக்கு எழுத வைத்தது உங்கள் ஏற்பாடு. ‘பயிற்சி முடித்தோர் 100 சதவீதம்’ என்று ஆண்டறிக்கையில் நீங்கள் எழுதப்போவதும் அதே கணக்கைத்தான்.

பிள்ளைகள் இல்லாத நேரமும் ஆசிரியரின் வேலை நேரமே என்பது ஏதோ நான் கேட்கும் சலுகை இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு மழலையர் கல்விப் பணியாளர்களுக்காக 2013-இல் ஜெனீவாவில் வகுத்த கொள்கை வழிகாட்டுதல்கள் அதைத்தான் சொல்கின்றன. இத்தாலியின் ரெஜ்ஜியோ எமிலியா நகரத்து மழலையர் பள்ளிகளை உங்கள் பாடங்களிலேயே இரண்டு இடத்தில் புகழ்ந்திருக்கிறீர்கள். சுவர் முழுக்கப் பிள்ளைகளின் ஓவியங்கள் இருக்கும் அந்தப் படம் அழகுதான். அந்தப் பள்ளிகளில் ஒரு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள் என்பதையும், குறிப்பெடுக்கவும் கலந்து பேசவும் வாரந்தோறும் வேலை நேரத்துக்குள்ளேயே மணிக்கணக்கு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதையும் பாடத்தில் தேடினேன். காணவில்லை. 1945-இல், போர் முடிந்த கையோடு, அந்த ஊருக்கு அருகே ஒரு கிராமத்து மக்கள் ஜெர்மானியப் படை விட்டுப்போன டாங்கியையும் லாரிகளையும் குதிரைகளையும் விற்ற பணத்தில் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டத் தொடங்கினார்கள். அந்த மரபின் தொடக்கக் கதை அது. கையில் கிடைத்த பணத்தை எதற்குச் செலவிடுவது என்று பெற்றோர்களே உட்கார்ந்து முடிவு செய்த கதை. உங்கள் பாடத்தில் அதற்கு இடம் கொடுத்திருக்கலாம்.

வளத் தொகுப்பின் முன்னுரை, மழலையர் கல்வியில் போடும் பணம் பன்மடங்காகத் திரும்பும் என்று தொடங்குகிறது. அதற்கு அமெரிக்காவின் பெரி மழலையர் பள்ளி ஆய்வையும், பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மனின் கணக்கையும் காட்டுகிறீர்கள். ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீதம் வரை பலன் என்று ஹெக்மன் குழு மதிப்பிட்டது உண்மை. அந்தப் பலனைக் கொண்டுவந்தது எது? 1962 முதல் 1967 வரை மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலான்டியில் நடந்தது அது. ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள் 123 பேர் ஆய்வில் இருந்தார்கள். அவர்களில் 58 பேர் அந்தப் பள்ளிக்குப் போனார்கள். பட்டம் பெற்ற ஆசிரியர்கள். ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஒருவர். வாரந்தோறும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆசிரியர் நேரில் போய், ஒன்றரை மணி நேரம் தாயோடும் பிள்ளையோடும் உட்கார்ந்திருந்தார். ஓர் ஊரில், கொஞ்சம் பேரை வைத்து நடந்த ஆய்வு என்பதால் அதை மட்டுமே நம்பி எல்லாவற்றையும் முடிவு செய்யக்கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் நம்புவதாக இருந்தால் முழுதாக நம்ப வேண்டும். பலன் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு செலவுப் பக்கத்தைத் தள்ளிவிட்டு அதே லாபத்தை எதிர்பார்ப்பதை வீட்டுக் கணக்கு எழுதுகிற எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பணம் குறைவு என்பீர்கள். பணம் குறைந்த இடத்தில் நடந்ததையே சொல்கிறேன். 1986-87-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில், வளர்ச்சி குன்றியிருந்த 129 கைக்குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சமூக சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் போனார்கள். இரண்டு ஆண்டு. அதிகம் படித்தவர்கள் இல்லை, ஆனால் பயிற்சியும் மேற்பார்வையும் பெற்றவர்கள். வீட்டில் தூக்கிப்போடும் பொருட்களிலிருந்து செய்த விளையாட்டுச் சாமான்களை வைத்து, பிள்ளையோடு எப்படி விளையாடுவது என்று அம்மாவோடு சேர்ந்து விளையாடிக் காட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் 22 வயதில் வேலைக்குப் போனபோது, அதே நிலையில் இருந்து அந்த வருகை கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள் என்று 2014-இல் ஆய்வு முடிவு வெளிவந்தது. சாமான்களுக்குச் செலவு மிகக் குறைவு. செலவெல்லாம் கதவைத் தட்டிய அந்தப் பெண்களுக்குத்தான். நீங்கள் வெட்டியிருப்பது சரியாக அந்தச் செலவை.

இனி பெற்றோர் துண்டறிக்கை. என்னைப் பேனா எடுக்க வைத்தது உண்மையில் இதுதான்.

பளபளப்பான தாள். அலமாரி நிறையப் புத்தகம், மஞ்சள் விளக்கு, மெத்தையில் சாய்ந்து பிள்ளைக்கு வாசிக்கும் ஓர் அம்மா. கீழே, ‘தினமும் 20 நிமிடம் உங்கள் குழந்தைக்கு வாசியுங்கள். அவர்களின் எதிர்காலம் உங்கள் கையில்.’ சொன்னபடி எல்லாரிடமும் கொடுத்தேன். மறுநாள் காலை ஓர் அம்மா அதை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். இரவு முழுக்க அலுவலகக் கட்டடங்களைத் துடைத்துப் பெருக்கிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடமிருந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு நேராக இங்கே வருபவர் அவர்.

“இதுல என்ன எழுதியிருக்கு டீச்சர்? பணம் எதுவும் கட்டணுமா?”

பள்ளியிலிருந்து தாள் வந்தால் பணம் கேட்பார்கள். அவர் அனுபவம் அது. இல்லம்மா என்று சொல்லி வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “அப்ப நான் என் பிள்ளைக்கு ஒண்ணுமே செய்யலையா?” என்று கேட்டார்.

அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். என் வகுப்பில் அவளைப்போலப் பேசுகிறவள் இல்லை. ஒருநாள் சாலையில் லாரி போகும் சத்தம் கேட்டதும், “அது அதோட அம்மாவத் தேடிப் போகுது டீச்சர். ஆனா அழாது, அதுக்குத்தான் ஹார்ன் இருக்கே” என்றாள். எங்கிருந்து வருகிறது இதெல்லாம் என்று வியந்திருக்கிறேன். அன்றைக்கு வாசலில்தான் தெரிந்தது. காலையில் இருவரும் நடந்து வரும் அரை மணி நேரமும், கண்ணில் படுகிற ஒவ்வொரு வண்டிக்கும் அது எங்கே போகிறது, யாரைப் பார்க்கப் போகிறது என்று ஆளுக்கொரு வரியாகக் கதை கட்டிக்கொண்டே வருவார்கள். தூக்கம் வராமல் இருக்க அவரே கண்டுபிடித்த விளையாட்டாம். இதைவிடச் சிறந்த மொழிப் பயிற்சியை உங்கள் 40 பாடத்தில் எதிலும் நான் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் நிரப்பச் சொன்ன குடும்பப் படிவத்தில் ‘வீட்டிலுள்ள குழந்தைப் புத்தகங்கள்’ என்ற கட்டத்தில் பூஜ்யம். ‘வாரத்தில் வாசித்துக் காட்டும் நாட்கள்’ என்பதிலும் பூஜ்யம். இரண்டு பூஜ்யம் சேர்ந்ததும் உங்கள் அட்டவணை அந்த வீட்டைக் குறையுள்ள வீடு என்று சிவப்பில் காட்டிவிட்டது. கதை கட்டுவதற்குக் கட்டம் இல்லை.

ஏழை வீட்டுப் பிள்ளைகள் மூன்று கோடிச் சொற்களைக் குறைவாகக் கேட்டு வளர்கிறார்கள் என்று 31-ஆம் பாடம் சொல்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி இருவரும் 1995-இல் எழுதியது. அவர்கள் ஒலிப்பதிவு செய்தது மொத்தம் 42 குடும்பங்களில். அதில் அரசு உதவித்தொகையில் வாழ்ந்தவை 6. மாதம் ஒரு மணி நேரம் பதிவுசெய்து, அதை நான்கு ஆண்டுக்குப் பெருக்கிப் பார்த்ததில் வந்தது அந்த மூன்று கோடி. 2018-இல் டக்ளஸ் ஸ்பெரியும் உடனிருந்தவர்களும் வேறு ஐந்து சமூகங்களில் இதையே பார்த்தபோது அந்த இடைவெளி அப்படிக் கிடைக்கவில்லை. பாட்டியும் அத்தையும் அக்காவும் சுற்றிப் பேசுவதையும் கணக்கில் எடுத்தபோது, சில ஏழைச் சமூகங்களின் பிள்ளைகள் நிறையவே கேட்டு வளர்ந்தார்கள். ஹார்ட்டும் ரிஸ்லியும் அப்படியே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளையோடு நேராகப் பேசுவதற்குத் தனி மதிப்பு உண்டு என்பவர்களின் வாதம் வலுவானது. அதே 2018-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் 36 பேரைப் பார்த்தார்கள். கொட்டும் சொற்களின் எண்ணிக்கையைவிட, பிள்ளை ஒன்று சொல்ல, பெரியவர் ஒன்று சொல்ல, மாறி மாறி நடக்கும் பேச்சோடுதான் மூளையின் மொழிப் பகுதி செயல்படுவது பொருந்தி வந்தது. பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும் கழித்துப் பார்த்த பிறகும் அப்படியே இருந்தது. லாரிக்குக் கதை கட்டுவது அதுதானே? இவ்வளவு விவாதம் நடந்திருக்கும் ஒரு விஷயத்தில் அந்த ஒற்றை எண்ணை மட்டும் எடுத்து ஒரு தாயின் முகத்துக்கு நேரே நீட்டுகிறோம். நீட்டியது என் கைதான் என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஏழைப் பெற்றோர் கூட்டத்துக்கு வருவதில்லை, படிவத்தைத் திருப்பித் தருவதில்லை, அக்கறை போதாது என்று வளத் தொகுப்பு நேரடியாகச் சொல்லவில்லைதான். ‘ஈடுபாட்டை அதிகரித்தல்’ என்று நாசூக்காகச் சொல்கிறது. தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்பு விவசாயிகள் 464 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2013-இல் வந்தது. அறுவடைக்கு முன், கையில் காசில்லாத நாட்களில் ஒரு சோதனை. அறுவடை முடிந்து பணம் வந்த பிறகு, அதே ஆளுக்கு அதே வகைச் சோதனை. பணமில்லாத நாட்களில் மனம் நிதானமாக யோசிக்கும் திறன் குறைந்திருந்தது. அதே மனிதர், அதே அறிவு, நடுவில் வந்தது காசு மட்டும். இதைப் படித்த பிறகாவது, உதவி கேட்கிற குடும்பத்திடம் ஒரே விவரத்தை நான்கு படிவத்தில் நான்கு முறை எழுதச் சொல்வதை நாம் நிறுத்தியிருக்க வேண்டாமா? கட்டண விலக்குக்கு ஒன்று, மருத்துவப் பரிசோதனைக்கு ஒன்று, உணவு உதவிக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் பொதுவான வருமான உறுதிமொழி இன்னொன்று. நான்காவது படிவத்தில் பிறந்த தேதியை மாற்றி எழுதியதற்காக ஓர் அப்பாவைத் திருப்பி அனுப்பினார்கள். அன்றையக் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தவர்.

தொலைபேசிப் பட்டியலைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து அதிலுள்ள 17 எண்களையும் நானே அழைத்தேன். 5 எண்கள் உபயோகத்தில் இல்லை. 4 இடங்களில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்று யாரோ ஒருவருடைய வீடு. தினமும் இப்படி அழைப்பு வருகிறது என்று பாவம் அவர் அலுத்துக்கொண்டார். மற்றவற்றில், நேரில் வரச் சொன்னவை 4. உடனே உதவி சொல்லக்கூடிய ஆள் எடுத்தது 3. குழந்தைக்குக் காய்ச்சல், வாடகை பாக்கி என்று நிற்கும் ஓர் அம்மாவிடம் இந்தப் பட்டியலைக் கொடுத்து அனுப்பினால், அடுத்த முறை அவர் என்னிடம் எதுவும் சொல்ல மாட்டார்.

எல்லாமே வீண் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். 23-ஆம் பாடம், பிள்ளைகளின் கேட்கும் திறன் குறைவதை வகுப்பில் எப்படிக் கண்டுகொள்வது என்பது. அதைப் பார்த்த மறுவாரம்தான், கூப்பிட்டால் திரும்பாத, ‘அடங்காதவன்’ என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பையன் என் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பதைக் கவனித்தேன். காதில் சீழ் கட்டியிருந்தது. இப்போது நன்றாகக் கேட்கிறது. அந்தப் பாடத்தை எழுதியவர் யாரானாலும் கடமைப்பட்டிருக்கிறேன். அச்சிட்டுக்கொள்ளும் படஅட்டைகளும் நன்றாக இருக்கின்றன, வண்ண அச்சுக்கு ஆகும் செலவு யாருடையது என்ற கேள்வியைத் தவிர. நான் இணையத்துக்கு எதிரி இல்லை. நேரில் வந்துகொண்டிருந்தவரை நிறுத்துவதற்கு இணையத்தைக் காரணம் காட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.

இரண்டு ஆண்டில் எங்கள் மையத்திலிருந்து மூன்று ஆசிரியைகள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். சம்பளம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை ஒருவர் போகும்போது சொன்னார்: “தப்பு செஞ்சா கேக்க ஆள் இருக்கு. என்ன செய்யறதுன்னு கேக்கத்தான் ஆள் இல்ல.” அவர் போய் இரண்டு வாரம்வரை ஒரு குழந்தை, அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் வேறு யாரையும் உட்கார விடவில்லை.

நான் கேட்பவை இவை.

வழிகாட்டி ஆசிரியையின் வகுப்பறை வருகையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். மாதம் ஒருமுறை, அரை நாளுக்குக் குறையாமல். வருபவர் வகுப்பறையில் குறைந்தது சில ஆண்டுகள் வேலை செய்தவராக இருக்க வேண்டும். அவர் எழுதும் குறிப்பு எங்களுக்கு உதவத்தான், எங்கள் வேலையை மதிப்பிட அதைப் பயன்படுத்தக்கூடாது. இது உங்கள் ஆணையிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால், கடிக்கிற பையனைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆறு நாள் பயிற்சி முழுவதையும் மீட்க முடியாவிட்டால் மூன்று நாளாகவாவது நடத்துங்கள். ஆனால் வருகையில் கை வைக்காதீர்கள்.

40 பாடங்களைக் கட்டாயமாக வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், அந்த 30 மணி நேரத்தை வேலை நேரத்துக்குள் கொண்டுவாருங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆசிரியரை அனுப்புங்கள். இரண்டும் முடியாதென்றால் கட்டாயத்தை எடுத்துவிடுங்கள். சும்மா ‘அடுத்து’ அழுத்தி வாங்கும் சான்றிதழால் உங்களுக்கும் பயனில்லை, எங்களுக்கும் பயனில்லை.

பெற்றோர் துண்டறிக்கையை இப்போதே திரும்பப் பெறுங்கள். புதிதாக எழுதும்போது, குறைந்த வருமானத்தில் பிள்ளை வளர்க்கும் பெற்றோர்களை எழுதும் இடத்திலேயே உட்கார வையுங்கள், வருகிற நாளுக்கான கூலியைக் கொடுத்து. எழுத்து வாசிக்காதவர்களுக்காக அதே செய்தியைக் குரல் பதிவாகவும் தாருங்கள். குடும்பப் படிவத்தில் ‘பிள்ளையோடு நீங்கள் வழக்கமாகச் செய்வது என்ன?’ என்று ஒரு கேள்வியையும், பதில் எழுத அகலமான ஒரு கட்டத்தையும் சேருங்கள்.

நான்கு படிவத்தை ஒன்றாக்குங்கள்.

தொலைபேசிப் பட்டியலுக்கு ஒருவரைப் பொறுப்பாக்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு எண்ணையும் அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எண்களைவிட, எங்கள் மையம் போன்ற பத்து மையங்களுக்கு ஒரு சமூகப் பணியாளர் கிடைத்தால் போதும். அவர் அந்த அம்மாவோடு அலுவலகம்வரை நடந்து போவார்.

2022-இல் தாஷ்கண்டில் கூடிய உலக நாடுகள், கல்விக்கான மொத்தச் செலவில் குறைந்தது 10 சதவீதத்தை மழலையர் கல்விக்கு ஒதுக்குவது என்று உறுதி சொன்னதை உங்கள் முன்னுரையின் கடைசிப் பத்தியில் பெருமையோடு குறிப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் ஒதுக்கீட்டில் எவ்வளவு இணையத் தொகுப்பைத் தயாரிக்கப் போயிற்று, எவ்வளவு வகுப்பறையில் நிற்கும் ஆட்களுக்குப் போயிற்று என்ற கணக்கை வெளியிடுங்கள்.

அடுத்த பருவம் தொடங்குவதற்குள் இவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும். பதில் எழுதுவதற்கு முன் உங்களில் ஒருவராவது ஒருநாள் காலை என் வகுப்புக்கு வந்து உட்காருங்கள். 7.30-க்குக் கதவு திறந்திருக்கும். மூலையில் அந்தக் குட்டி நாற்காலி இன்னும் இருக்கிறது. வேலை செய்யாத எண்களைச் சிவப்பில் சுழித்து, பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மழலையர் பள்ளி ஆசிரியை ஒருவர்